விற்ற காரின் கடைசித் தாள்

பழைய காரை விற்றுவிட்டு அதைவிட வேகமான ஒன்றை வாங்கப் போகிறவர்கள், என்னைப் போல மோட்டார் பாலிசி எழுதிப் பிழைப்பவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “டர்போ வண்டி சார், இன்சூரன்ஸ் நிறைய வருமா?” வேகமான வண்டி என்றால் ஆபத்து அதிகம், ஆபத்து அதிகம் என்றால் பிரீமியமும் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் நம் நாட்டு மோட்டார் இன்சூரன்ஸ் அந்தக் கணக்கில் ஓடவில்லை. புதிய வண்டிக்கு எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்பதில் பாதியைத் தீர்மானிப்பது, பழைய வண்டியை எப்படி விற்றீர்கள் என்பதுதான். நாளைக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வருமா என்பதையும் அதே விற்பனைதான் தீர்மானிக்கிறது. விற்பது ஒரு வேலை, வாங்குவது வேறொரு வேலை என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்கள். பணமாக வரவேண்டியதை விட்டுவிடுகிறார்கள், விட்டுத் தொலைக்கவேண்டிய பொறுப்பைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த டர்போ பயத்தைத் தீர்த்துவிடலாம். சட்டப்படி எல்லோரும் எடுத்தே ஆகவேண்டிய தேர்டு பார்ட்டி காப்பீட்டுக்கு அரசு நிர்ணயிக்கும் கட்டணம், தனியார் காரைப் பொறுத்தவரை எஞ்சின் கொள்ளளவை மட்டுமே பார்க்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. குதிரைத்திறன் அந்தப் பட்டியலில் எங்கும் கிடையாது. இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஹூண்டாய் ஐ20 என் லைன் என்கிற துள்ளலான வண்டியின் டர்போ எஞ்சின் 998 சி.சி., திறன் 120 பி.எஸ். காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஓடும் மாருதி ஸ்விஃப்ட் 1197 சி.சி., திறன் சுமார் 82 பி.எஸ். சாதுவான ஸ்விஃப்டுக்கு 3,416 கட்டவேண்டும், துள்ளுகிற ஐ20க்கு 2,094 போதும். 150 பி.எஸ். தரும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி.யும் 160 பி.எஸ். தரும் வெர்னா டர்போவும் 1500 சி.சி.க்குள் அடங்கிவிடுவதால் ஸ்விஃப்டோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. கோயில் குளம் என்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகும் இன்னோவா கிரிஸ்டாதான், 2393 சி.சி. என்பதால், 7,897 வரிசையில் மாட்டிக்கொள்கிறது. பெரிய எஞ்சின்தான் பலமான எஞ்சின் என்றிருந்த காலத்தில் வகுத்த படிநிலை இது. டர்போ வந்தபிறகு அதற்கும் வேகத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது.

அடுத்தது சொந்த சேதத்துக்கான பகுதி, நாங்கள் ஓ.டி. என்று சொல்வது. இதற்கும் அடிப்படை 2002ஆம் ஆண்டின் கட்டண நூல்தான். வண்டியின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., எஞ்சின் சி.சி., வண்டியின் வயது, பதிவான ஊர் என நான்கைத்தான் அது பார்க்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற எட்டு பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம். கோவை, மதுரை, திருச்சி உட்பட மற்றதெல்லாம் ‘பி’ மண்டலம். ஸ்போர்ட்ஸ் வண்டி என்று தனி வரிசை அதிலும் இல்லை. பிரிட்டனில் கார்களை நெடுங்காலமாக 1 முதல் 50 வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தி வந்தார்கள், ஓட்டுநரின் வயதையும் துருவித் துருவிக் கேட்பார்கள், இங்கே அப்படி எதுவும் கிடையாதா என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவதுண்டு. உண்மையில் மறைமுகமாக இருக்கிறது. 2007 ஜனவரி முதல் ஓ.டி. கட்டணத்தை நிறுவனங்களே முடிவுசெய்ய விட்டுவிட்டார்கள். நூலில் உள்ள விகிதத்திலிருந்து எவ்வளவு தள்ளுபடி தருவது என்பது அந்தந்த நிறுவனம் அந்தந்த மாடலில் பட்ட அனுபவத்தைப் பொறுத்தது. அதிகம் அடிபட்டு வரும் மாடலுக்குத் தள்ளுபடி சுருங்கும். ஆகவே வேகத்துக்கான அபராதம் கட்டணத்தில் தெரியாது, குறைந்த தள்ளுபடியாக ஒளிந்திருக்கும். அதற்காகத்தான் நான்கு நிறுவனத்தில் விலை கேட்கச் சொல்கிறோம். ஷோரூமில்தான் பாலிசி எடுத்தாகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இந்தத் தள்ளுபடி வித்தியாசத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடக்கூடிய ஒன்று பழைய வண்டியில் இருக்கிறது.

அதுதான் நோ கிளைம் போனஸ். ஓராண்டு கிளைம் எதுவும் இல்லாமல் கழிந்தால் அடுத்த ஆண்டு ஓ.டி. பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. தொடர்ந்து இரண்டாண்டு என்றால் 25, மூன்றாண்டு 35, நான்காண்டு 45, ஐந்தாண்டு 50. அதற்கு மேல் ஏறாது. இந்தப் போனஸ் வண்டிக்குச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, வண்டியோடு பாலிசியையும் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள் நம் ஆட்கள். யானையையே கொடுத்தபிறகு அங்குசத்துக்கு என்ன தகராறு என்பது பழமொழி. இங்கே அங்குசம் பாகனுக்குச் சொந்தம். போனஸ் பாலிசிதாரர் ஜாக்கிரதையாக இருந்ததற்குக் கொடுத்தது, வண்டிக்குக் கொடுத்ததல்ல. அதை வாங்குபவரால் அனுபவிக்கவும் முடியாது. பாலிசி அவர் பெயருக்கு மாறும்போது, மீதமுள்ள காலத்துக்கான போனஸ் தொகையை அவரிடம் வசூலித்த பிறகே நிறுவனம் பெயரை மாற்றும். விற்றவருக்கும் இல்லாமல் வாங்கியவருக்கும் இல்லாமல் போகிற பணம் இது.

எவ்வளவு பணம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். கோவையில் பதிவாகும் 1.5 லிட்டர் டர்போ செடான் ஒன்று, ஷோரூம் விலை 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புது வண்டிக்கு 5 சதவீதம் கழித்து ஐ.டி.வி. 15,20,000. ‘பி’ மண்டலத்தில் இந்த ரக எஞ்சினுக்கு நூல் சொல்லும் விகிதம் 3.191 சதவீதம். ஓ.டி. பிரீமியம் 48,503 ரூபாய். நிறுவனம் 40 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்றால் 29,102. இதில் 50 சதவீத போனஸ் என்பது 14,551 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் மிச்சம் 17,170. இது முதல் ஆண்டுக்கு மட்டும். போனஸைக் கொண்டுவராதவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கி அடுத்தடுத்த ஆண்டு 20, 25, 35, 45 என்று ஏறவேண்டும். கொண்டுவந்தவர் ஐந்து ஆண்டும் 50லேயே உட்கார்ந்திருப்பார். பழைய வண்டியை விற்கும்போது, டயர் தேய்ந்திருக்கிறது, கதவில் கீறல் இருக்கிறது என்று வாங்குபவர் ஐயாயிரம் குறைத்தால் டீக்கடையில் ஒரு மணிநேரம் மல்லுக்கு நிற்கிறோம். பதினேழாயிரம் பெறுமானமுள்ள ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்க மட்டும் மறந்துவிடுகிறோம். வண்டி கைமாறியதற்கான ஆதாரமும் பாலிசி நகலும் கொடுத்தால் பழைய நிறுவனம் அந்தக் கடிதத்தைத் தரும். மூன்று ஆண்டு வரை செல்லும். புது வண்டி உடனே வாங்காவிட்டாலும் கடிதம் வீணாகாது.

இந்த இடத்தில் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. பழைய கார் அப்பா பெயரில் இருக்கும். புதிய வண்டியின் மேல் ஆசை மகனுக்கு. கடனும் அவன் சம்பளத்தில்தான். ஆகவே வண்டி மகன் பெயரில் பதிவாகிறது. அப்பா இருபது வருடம் ஒரு கீறல் படாமல் ஓட்டிச் சேர்த்த 50 சதவீதம் அந்த இடத்தில் நின்றுவிடும். பாலிசிதாரர் இறந்தால் மட்டுமே வாரிசுகளான மனைவி, மக்கள், பெற்றோருக்குப் போனஸ் போகும், உயிரோடு இருக்கும்போது பாசத்தில் எழுதிக் கொடுக்க வழியில்லை. சரி, அப்பா பெயரிலேயே வாங்கி மகன் ஓட்டட்டும் என்பார்கள். ஓட்டலாம். நம் பாலிசி ஓட்டுபவரின் வயதைக் கேட்பதில்லை, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் யார் ஓட்டினாலும் வண்டிக்குக் காப்பு உண்டு. ஆனால் 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் பதிவு உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போதுதான். தினமும் 160 பி.எஸ். வண்டியை ஓட்டப் போகிறவன் மகன், காப்பு இருப்பதோ வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு. அந்த வழியில் போகிறவர்கள் மகனுக்கென்று தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும். போனஸில் மிச்சமாகும் பணத்தில் அதற்குச் செலவிட்டால் தகும்.

கடிதம் எதுவும் வேண்டாம், நாங்களே 50 சதவீதம் போட்டுத் தருகிறோம் என்று டெலிவரி நாளில் ஆசை காட்டும் விற்பனையாளர்களும் உண்டு. கையெழுத்துப் போடும் படிவத்தில், முந்தைய பாலிசியில் கிளைம் எதுவும் இல்லை, எனக்கு இத்தனை சதவீதம் உரியது என்று ஓர் உறுதிமொழி இருக்கும். பொடி எழுத்து. அது தவறு என்று தெரியவந்தால் பாலிசியின் முதல் பிரிவு, அதாவது சொந்த சேதத்துக்கான மொத்தக் காப்பும், பறிபோகச் சம்மதம் என்பதும் அதிலேயே இருக்கும். 21 நாளுக்குள் முந்தைய நிறுவனத்துக்கு எழுதி உறுதி கேட்கும் கடமை புது நிறுவனத்துக்கும் உண்டு என்று விதி சொல்கிறது, அதைக் காட்டி வாதாடி வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வண்டி நொறுங்கிக் கிடக்கும்போது வழக்காடும் நிலைக்கு ஏன் போகவேண்டும்? இரண்டு லட்சத்துக்கு மேல் பில் வந்த பிறகுதான் சர்வேயர் பழைய பாலிசியைத் தோண்டுவார். பதினேழாயிரத்துக்காக அந்தச் சூதாட்டம் தேவையில்லை, அதுவும் நியாயமாகவே கிடைக்கக்கூடிய பணத்துக்கு.

இதுவரை சொன்னது வரவேண்டிய பணம். இனி போகவேண்டிய பொறுப்பு. பழைய கார் சந்தையில் ‘ஓப்பன்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விற்பவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29லும் 30லும் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, ஆர்.சி.யோடும் சாவியோடும் புரோக்கரிடம் கொடுத்துவிடுவார். புரோக்கருக்கு இது வசதி. தன் பெயருக்கு ஒருமுறை, அடுத்தவர் பெயருக்கு ஒருமுறை என்று மாற்றாமல் நேரே கடைசி ஆளின் பெயரை எழுதிக்கொள்ளலாம், ஓனர் எண்ணிக்கையும் கூடாது. விற்றவருக்கோ, ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி நாள், மணி எல்லாம் குறித்து எழுதி வாங்கிய டெலிவரி நோட் ஒன்று கையில் இருக்கும். இந்த நிமிடத்துக்குப் பிறகு நடப்பதற்கெல்லாம் வாங்கியவரே பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள்கூட உண்டு. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் அதற்கு மதிப்பு இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு அந்தத் தாளோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளர் என்று சொல்வது யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கில் வண்டி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று கைமாறிப் போயிருந்தது, பதிவில் மட்டும் முதல் ஆளின் பெயரே நின்றது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் வண்டி யார் யார் கைக்குப் போனது என்ற வரிசையைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டியதில்லை, பதிவில் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது தீர்ப்பு. இது அநியாயம், வண்டியைக் கண்ணால் பார்த்தே பல வருடம் ஆனவரைப் பிடிப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பெயரை மாற்ற அவருக்கு வழியிருந்தது. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில், வெளிமாநிலத்துக்கு என்றால் 45 நாளில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமையைச் சட்டம் விற்பவர் தலையில்தான் முதலில் வைக்கிறது. வாங்குபவருக்கு 30 நாள். கடமையைச் செய்யாதவருக்கும், ரோட்டோரம் நடந்துபோய் அடிபட்டவருக்கும் இடையில் யார் நஷ்டப்படவேண்டும் என்று கேட்டால் நீதிமன்றம் வேறு எப்படிச் சொல்லும்?

இரண்டு பக்கமும் சேர்ந்து இடிக்கிற இடம் ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் நாங்கள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். வண்டியைக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருக்கும், பதிவில் பெயர் மாறியிருக்காது. பாலிசி முடியப்போகிறது, புதுப்பிக்கவும் என்று குறுஞ்செய்தி வரும். வருவது விற்றவரின் செல்பேசிக்கு. விற்ற வண்டிதானே என்று அவர் அதை அழித்துவிடுவார். வாங்கியவருக்கு அந்தச் செய்தியே போகாது, போனாலும் பாலிசி தன் பெயரில் இல்லை என்று தள்ளிப்போடுவார். மறுநாள் முதல் அந்த வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல், விற்றவரின் பெயரில், முன்பின் தெரியாத ஒருவர் கையில் ஓடுகிறது. பாலிசி உயிரோடு இருந்தவரை, சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி வண்டியோடு தேர்டு பார்ட்டி காப்பும் வாங்கியவருக்குத் தானாகவே மாறியதாகக் கருதி நிறுவனம் இழப்பீட்டைக் கட்டியிருக்கும். பாலிசி முடிந்த பிறகு விபத்து என்றால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பதிவு உரிமையாளரின் வீடு, நிலம், சம்பளத்தைத் தேடி வரும். தேர்டு பார்ட்டி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் இந்தப் பக்கம் புது டர்போவுக்கு ஜீரோ டெப், எஞ்சின் புரொடெக்ட் என்று கூடுதல் காப்புகளைப் பார்த்துப் பார்த்து எடுத்திருப்பார், ஆபத்தோ பழைய வண்டியில் ஏறிக்கொண்டு ஊர் சுற்றும்.

வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 157ஆம் பிரிவு தேர்டு பார்ட்டிக்கு மட்டும்தான், வண்டியின் சொந்த சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளில் நிறுவனத்திடம் விண்ணப்பித்து பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாதவர் வண்டியை இடித்தால், விற்றவர் வண்டியில் தனக்கு இனி உரிமை இல்லை என்பார், நிறுவனம் உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்று சொல்லும்.

தெரிந்தவர் மூலமாகத்தான் விற்றேன், ஏமாற்றமாட்டார் என்பதுதான் நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுப்பு. ஏமாற்றுவதைப் பற்றிய பேச்சே இல்லை. புரோக்கர் யோக்கியராகவே இருக்கலாம், அவரிடம் வாங்கியவரும் யோக்கியராக இருக்கலாம். பெயர் மாறுவதற்குள் லாரி குறுக்கே வந்தால் யோக்கியதை என்ன செய்யும்? இந்தக் குறையை அடைக்கத்தான் 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆளுக்கு விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். நல்ல ஏற்பாடு. வண்டியைக் கொடுக்கும் இடத்தில் அங்கீகாரம் இருக்கிறதா, 29சி பதிவானதா என்று கேட்பது விற்பவரின் உரிமை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் இருபதாயிரம் கூடுதலாகக் கிடைத்தாலும், அந்த இருபதாயிரம் எதற்கான கூலி என்று யோசிக்கவேண்டும்.

புதிய வண்டிக்கு வருவோம். வேகமான வண்டிக்குக் கட்டணம் பெரிதாக ஏறாது என்று சொன்னேன். அதற்காக அதை ஸ்விஃப்டுக்கு எடுத்த மாதிரியே எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. இந்த வண்டிகள் தாழ்வானவை, முன் பம்பர் நீண்டு தரையை ஒட்டி நிற்கும். நம் ஊர் வேகத்தடையில் முதலில் அடிபடுவது அதுதான். பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிதான் தருவார்கள், பெயின்டிலும் பாதி. புத்தம்புது பம்பர் இருபதாயிரம் என்றால் பத்தாயிரம் நம் கையிலிருந்து. அதோடு 1500 சி.சி. வரை ஆயிரம் ரூபாய் கட்டாயப் பிடித்தம். ஆகவே இப்படிப் பாதியாகக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் இந்த வண்டிகளுக்கு ஆடம்பரமல்ல. தமிழ்நாட்டில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு சாலை வரி 18 சதவீதம். நம் 16 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2,88,000. ஐ.டி.வி.யில் இது ஒரு ரூபாய்கூடச் சேராது. வண்டி திருடு போனாலோ முழுதும் நொறுங்கினாலோ அந்தப் பணம் போனதுதான், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் ஒழிய. அதிலும் சாலை வரி சேருமா என்பதை அந்த நிறுவனத்தின் வாசகத்தில் படித்துப் பார்க்கவேண்டும்.

வேகத்தை உண்மையிலேயே தேடுகிறவர்கள் கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்கோ சொந்த வண்டியை எடுத்துச் செல்கிறார்கள். பொதுச்சாலையில் பறப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது, நான் தடுக்கமாட்டேன். ஆனால் பாலிசியின் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் பந்தயம், வேகச் சோதனை, தாக்குப்பிடிக்கும் போட்டி ஆகியவற்றுக்குக் காப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது. வழக்கமாக விற்கும் கூடுதல் காப்பு எதுவும் அதைத் திறக்காது. எஞ்சினின் கணினியை மாற்றி எழுதி முப்பது நாற்பது பி.எஸ். ஏற்றிக்கொள்ளும் ‘ரீமேப்’ ஆசைக்கும் இதே பதில்தான். வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருப்பது, கிளைம் நேரத்தில் எதிராளி கையில் நாமே கொடுக்கும் ஆயுதம். கட்டண நூல் குதிரைத்திறனைப் பார்ப்பதில்லை என்றேன். கிளைம் சர்வேயர் பார்ப்பார்.

போனஸ் போனஸ் என்று சொல்லி, அடிபட்டாலும் கிளைம் கேட்காதே என்கிறீர்களே, பிறகு இன்சூரன்ஸ் எதற்கு என்று ஒரு கோபம் வரும். வரத்தான் செய்யும். அதற்கும் கணக்குதான் பதில். மேலே சொன்ன செடானில் முதல் ஆண்டு ஒரு கிளைம் வாங்கினால், அடுத்த ஆண்டு 50 சதவீதம் பூஜ்யமாகும். ஐ.டி.வி. குறைந்திருந்தாலும் இழப்பு வரி இல்லாமலே 13,000 ரூபாய் அளவில் இருக்கும், அதன் பின்னும் சில ஆண்டு தொடரும். ஆகவே எட்டாயிரம் ரூபாய்க் கீறலுக்கு கிளைம் போடுவது சொந்தக் காசைச் சுற்றிவந்து செலவழிப்பது. அறுபதாயிரம் ரூபாய் வேலைக்குத் தயங்காமல் போடவேண்டும், இன்சூரன்ஸ் அதற்குத்தான். ஒரு கிளைம் வரை போனஸைக் காப்பாற்றும் கூடுதல் காப்பும் விற்கிறார்கள். தாழ்வான வண்டியும் நெரிசலான நகரமும் என்றால் அதன் விலையை விசாரிக்கலாம்.

கடைசியாக வரிசை. பழைய வண்டியின் பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் செத்துவிடும், ஆகவே விற்கும்வரை பாலிசியை விடக்கூடாது. கடன் இருந்தால் வங்கியிடம் படிவம் 35 வாங்கி ஆர்.சி.யில் அடமானத்தை நீக்கவேண்டும். 29, 30 படிவங்களில் வாங்குபவர் பெயர் எழுதிய பிறகே கையெழுத்து. கையெழுத்திட்டதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். ஃபாஸ்டேக்கை மூடவேண்டும். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் காட்டிப் போனஸ் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு புது வண்டிக்கு பாலிசி போடவேண்டும். பெயர் மாறும்வரை வாங்குபவரிடம் ஒரு தொகையை நிறுத்தி வைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நல்ல புரோக்கர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

நீங்கள் முன்பு விற்ற வண்டியின் எண் நினைவிருக்கிறதா? மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் செல்பேசி எண்ணால் உள்ளே போய் அந்த எண்ணைத் தட்டுங்கள். உரிமையாளர் பெயரை முழுதாகக் காட்டமாட்டார்கள், சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுவார்கள். அது உங்கள் பெயரா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்த எழுத்துகள் போதும்.